உப்புக்காற்றும் ஓவர்கிளாக்கும்

கிராபிக்ஸ் கார்டை அதன் வேகத்துக்கு மேல் விரட்டிப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. நானும் அதை அனுபவித்தவன்தான். ஆனாலும், கடலோரத் திருவொற்றியூரில் கார்டு ரிப்பேர் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளிநாட்டு வீடியோவில் வரும் எண்கள் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் செல்லாது.

"அண்ணே, அவன் கார்டு 70 டிகிரி தாண்டலையே, எனக்கு மட்டும் ஏன் 83 காட்டுது?" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் அறையைத்தான். வீடியோக்காரரின் அறை 22 டிகிரி. மே மாதத்தில் கடற்காற்று பிந்தினால் நம் ஷீட் போட்ட மாடியறை 38ஐத் தொடும். அந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே சிப்பின் தலையில் ஏறும்.

கிளாக்கை மட்டும் கூட்டினால் மின்செலவு அதே அளவில் கூடும். வோல்டேஜைக் கூட்டினாலோ அதன் வர்க்கத்தில் ஏறும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால் சிப் இழுப்பது சுமார் 33 சதவீதம் அதிகம். கூடுதலாகக் கிடைக்கும் ஃப்ரேமோ பத்து சதவீதம்கூட வராது.

சிப் எரிந்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். சூடு எல்லையைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடிபடுவது பக்கத்தில் இருந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் மாஸ்ஃபெட்டும் கெப்பாசிட்டரும். மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால், ஒரு வோல்ட் அளவில் வேலை செய்யும் சிப்புக்கு 12 வோல்ட் நேராகப் போய்விடும். அதன்பின் என் மேஜையில் செய்ய ஒன்றுமில்லை. மெமரி இன்னும் கள்ளத்தனமானது. ஜிடிடிஆர்5 காலத்திலிருந்தே பிழை வந்தால் தரவை மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதனால் அதிகம் விரட்டினாலும் திரையில் புள்ளியோ கோடோ வராமல், ஃப்ரேம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். ஆளோ, மெகாஹெர்ட்ஸ் ஏறியதைப் பார்த்துச் சந்தோஷமாக இருப்பார்.

நம் ஊருக்கே உரிய வில்லன் உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். காசிமேட்டில் இரவு நேரத்தில் அந்த ஈரம் சர்வசாதாரணம். ஓவர்கிளாக் செய்த கார்டில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவதால் உப்பும் அதிகமாக உள்ளே வரும். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கமென்றால் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்குகளை அடைக்கும். ஓடும்போது சூட்டில் காய்ந்து கிடக்கும் உப்பு, அணைத்த பிறகு இரவில் ஈரமாகிறது. மறுநாள் பவர் கொடுத்ததும் நெருங்கிய கால்களுக்கு நடுவே அரிப்பு தொடங்கி, பச்சை பூக்கிறது. சூட்டைக் குறைக்கச் சுற்றும் ஃபேனே வியாதியையும் கொண்டுவருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அதனால் இங்கே நான் செய்துகொடுப்பது அண்டர்வோல்ட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜ் வளைவைத் திறந்து, 1.05 வோல்ட்டில் ஓடும் அதே வேகத்தை 0.9ல் நிற்கவைக்கப் பார்ப்பேன். எல்லாக் கார்டும் அவ்வளவு இறங்காது. இறங்கினால் சிப்பின் மின்செலவில் கால்வாசி மிச்சம், ஃபேனும் அடங்கும். வேகத்தை ஏற்றுவதைவிட இந்த வேலைக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும், சுவையும் இதில்தான் அதிகம்.

ஆசை அடங்காதவர்கள் வோல்டேஜைத் தொடாமல் கிளாக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பயாஸ் மாற்றும் வேலை வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் கார்டைக் கழற்றித் தூசு தட்டி, தெரிந்த கையிடம் கொடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பலகையைக் கழுவி, பேஸ்ட்டை மாற்றிவிடுங்கள்.