தும்பிக்கை வைத்த லை

பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டப்பாவில் ஒற்றை ஈய எழுத்து கிடந்தது. பழைய ‘லை’. லகரத்தோடு யானைத் தும்பிக்கைபோல் ஒரு வளைவு ஒட்டியிருக்குமே, அது. இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் என்ன எழுத்து என்று கேட்பார்கள். அப்பாவின் அச்சகத்தில் எனக்கென்று மிஞ்சியது இதுதான். இரண்டு நாளாக மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரே ஒரு டிரெடில் மிஷின். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கருமாதிக் கார்டு. முதலாளியும் அப்பாதான், கம்போசிட்டரும் அப்பாதான். இடது கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக். வலது கை எழுத்து அறைகள் உள்ள கேஸுக்குள் போய்வரும். கண் கேஸைப் பார்க்காது. எந்த அறையில் எந்த எழுத்து என்பது விரலுக்குத் தெரியும்.

1978இல் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அரசாணை வந்தது. 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் பெரியார் அச்சிட்டுவந்த முறைதான். ணை, லை, ளை, னை, றா, னா என்று 13 எழுத்துகள் பழைய உருவை விட்டன. படிக்கிறவர்களுக்கு அது நாலு நாளில் பழகிவிட்டது. அப்பாவுக்கு இருபது வருஷம் பழகிய கை. ‘மாலை’ என்று கோக்கும்போதெல்லாம் விரல் பழைய அறைக்கே போயிற்று. முகூர்த்த மாதம், வேலை குவிந்து கிடந்தது. அப்பா ஒன்று செய்தார். அந்த அறைகளைக் காலிசெய்து புளியங்கொட்டைகளைப் போட்டுவைத்தார். கை தவறிப் போனால் வழவழவென்று கொட்டை தட்டுப்படும், உடனே திரும்பும். அப்படியே சில மாதம். புதிதாக ஒன்றைக் கற்பதில் பாதி வேலை, தெரிந்த கையைத் தடுத்து நிறுத்துவதுதான் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

காகிதம் வாங்கச் சிவகாசிக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் அதே கதை: 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனது. அவர்கள் சம்பாதித்ததை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. “பாஷை தெரியாத ஊருல போயி, ‘எங்களுக்கு இது தெரியாது, சொல்லிக் குடுங்க’ன்னு நின்னாங்க பாரு” என்பார். அந்த நிற்றல்தான் அவருக்குக் கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால்தான் சிவகாசியில் அச்சுத் தொழிலே வளர்ந்தது. அதனால் அப்பாவுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி.

2001இல் அந்த நிற்றல் அவர் முறைக்கு வந்தது. பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் கம்ப்யூட்டர் எழுத்துதான் வேண்டும் என்றார்கள். பெரிய கம்பெனி என்றால் ஆளைப் பயிற்சிக்கு அனுப்பும். சின்னக் கடையில் அனுப்ப ஆள் ஏது? தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அப்பாவே போனார். அப்போது அவருக்கு 58 வயது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபது இருக்கும். அவள் இவரை ‘ஐயா’ என்பாள்; இவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அந்த ஒரு மணி நேரத்தில் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய வாடிக்கைகளும் உண்டு. சாயந்திரம் வந்து விசாரித்தவர்களிடம், “படிக்கப் போயிருந்தேன்” என்று சொல்வார்.

தமிழ்99 விசைப்பலகையில் ‘மொ’ அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஸ்டிக்கில் முதலில் கொம்பு, அப்புறம் ம, அப்புறம் கால். இங்கே ம அடித்து ஒ அடித்தால் போதும். அவர் கொம்பைத் தேடிக்கொண்டே இருந்தார். “கொம்பைத் தேடாதீங்க ஐயா. வாய் எப்படிச் சொல்லுதோ அந்த வரிசையில அடிங்க” என்றாளாம். அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே ம், ஒ, மொ என்று முணுமுணுத்தார். நாற்பது வருஷம் கண்ணால் கோத்த மொழியை அன்றுதான் காதால் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் பத்திரிகை பிரிண்டரிலிருந்து வந்த அன்று நானும் சென்டரில் இருந்தேன். அப்பா தாளை எடுத்தார். ஈய எழுத்தைத் தலைகீழாகவே வாசித்த பழக்கத்தில் தாளையும் அப்படியே திருப்பிப் பிடித்து, பிழை பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரி முடியும்வரை பக்கத்தில் நின்றிருந்தாள்.