வீடு சுருங்கும் மாதம்

நெடுநல்வாடையில் ஒரு புறா வருகிறது. 188 அடிகள் கொண்ட அந்தச் சங்கப் பாட்டில் அதற்குக் கிடைப்பது நான்கைந்து அடிகள்தான். கால் சிவந்த ஆண் புறா. பக்கத்தில் அதன் பெடை. மழையும் வாடையும் ஓயாததால் இரண்டும் மன்றத்துக்குப் போய் இரை பொறுக்கவில்லை. சூரியன் கண்ணில் படாததால் பகல் எது, இரவு எது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. கூரைக்குக் கீழே பலகையில் செய்வதறியாமல் நின்றபடி இடம் கொள்ளாமல் மாறி மாறி இருக்கின்றன. நான் தமிழ் நடத்திய காலத்தில் மாணவர்களின் மனத்தில் நின்றது பாசறையில் நடக்கும் அரசன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊட்டியின் மார்கழியில் கணவரோடு ஒரே அறையில் அடைந்து கிடக்கும் இப்போது எனக்கு அந்தப் புறாக்களைத் தாண்டிப் போக முடியவில்லை.

பறக்காமலே நின்று கால் கடுத்துப்போனதால் மாற்றி மாற்றி நிற்கின்றன என்பது பழைய உரைகாரர்கள் சொல்லும் விளக்கம். எதிர்வீட்டுத் தகரக் கூரையில் விடியலில் வந்து உட்காரும் புறாக்களை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும். சற்று நேரம் கழித்து அந்தக் காலை இறக்கி மற்றதை இழுத்துக்கொள்ளும். இறகில்லாத கால் வழியாகத்தான் பறவை அதிகமாகச் சூட்டை இழக்கிறது. ஒன்றை மறைத்தால் பாதி மிச்சம். காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாயும் காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டியே ஓடுவதால், இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டே பாதத்துக்குப் போகிறது. அதனால்தான் தகரத்தில் நின்றும் அது விறைத்துச் சாவதில்லை. இந்த விவரமெல்லாம் பாட்டை எழுதிய நக்கீரருக்குத் தேவைப்படவில்லை. குளிர் காலத்தில் ஒரு ஜோடி எப்படி இருக்கும் என்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அவர் பாடியது மழையோடு வரும் கூதிர்க் குளிர். எங்களுடையது வேறு வகை. இங்கே வானத்தில் மேகம் இருந்தால் நாங்கள் பிழைத்தோம். மேகமே இல்லாமல், காற்றும் அசையாமல், நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவுதான் பொல்லாதது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை முழுவதுமாக வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியைவிடக் கீழே இருக்கும் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக முற்றும். நகரத்தில் பாதரசம் பூஜ்யத்தைத் தொடும். அவலாஞ்சிப் பக்கம் அதற்கும் கீழே போகும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடி கொண்டு மூடுவார்கள். தேயிலைக்காரர்கள் தாவை இலை போட்டு மூடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் புல் பிழைக்கும், விட்டுவிட்டால் கருகிவிடும். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. கீழே பள்ளத்து வீட்டின் மேரக்காய்ப் பந்தல் ஒரே இரவில் கறுத்துத் தொங்குவதை இங்கிருந்தே பார்க்கலாம்.

கணவர் மின்வாரியத்தில், மலைக்குள் இருக்கும் ஒரு மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதியே வளர்ந்த கை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறார். எழுந்ததும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பழைய டைரியில் குறித்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். "ரெண்டரை இருக்குதும்மா" என்பார். அந்த எண்ணைப் பொறுத்து எனக்கு அன்றைய வீடு அமையும்.

வீடு என்று சொல்வதைவிட அறை என்று சொல்லலாம். குளிர் இறங்கியதும் கூடத்தைக் கைவிடுகிறோம். பிள்ளைகள் வந்தால் தங்கும் அறையைச் சாத்திவிடுகிறோம். சமையலறையும் அதை ஒட்டிய சின்ன அறையும்தான் மிச்சம். வெயில் வந்தால் நாற்காலிகளை வராந்தாவுக்கு எடுத்துப்போய், வெயில் நகர நகர நாங்களும் நகர்த்திக்கொண்டே போவோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிவிடும் என்பதால் அந்த பாட்டில் அடுப்புப் பக்கமே நிற்கும். தோசை மாவைப் பழைய கம்பளியில் சுற்றி வெந்நீர்ப் பாத்திரத்தோடு சேர்த்து மூடி வைத்தால்தான் மறுநாள் பொங்கும். தயிருக்கும் அதே உபசாரம். ரப்பர் வெந்நீர்ப் பையில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. மீதியில் இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைத் திருக வேண்டும். இதையெல்லாம் எழுதிப் படித்தால் ஒன்றுமில்லாத விஷயங்கள். ஆனால் மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் இருவருடைய உழைப்பும் பேச்சும் இவற்றில்தான் போகிறது.

நெடுநல்வாடையிலும் அப்படித்தான் போகிறது. வாடை வந்ததால் உலகம் என்ன ஆயிற்று என்று சொல்ல வந்தவர், மேட்டு நிலத்துக்கு மாட்டை ஓட்டிப்போன கோவலர் தீ மூட்டிக் கை காய்வதில் தொடங்குகிறார். குரங்கு கூனிக்கொள்கிறது. பசு தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. பிறகு ஊருக்குள், வீட்டுக்குள் வந்து சாமான் சாமானாகப் பார்க்கிறார். வடக்கிலிருந்து வந்த சந்தனக் கல்லும் தெற்கிலிருந்து வந்த சந்தனமும் தொடுவாரில்லாமல் கிடக்கின்றன. கோடையில் வீசிய விசிறி முளையில் தொங்குகிறது. அதில் சிலந்தி வலை கட்டிவிட்டது. மாடத்தில் தென்றல் வரும் ஜன்னலுக்குத் தாழ் போட்டாயிற்று. வாய் குறுகிய கூசாத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. வாய் அகன்ற தடவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை வந்துவிட்டதைச் சூரியனைக் கொண்டு அறிய வழியில்லை. பூத்தட்டில் வைத்திருந்த மொட்டுகள் விரிந்து மணம் வரவே, பெண்கள் பொழுதை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். குளிரில் சுருதி திரிந்த யாழ் நரம்பை ஆடல் மகளிர் தங்கள் உடம்பின் சூட்டில் வைத்துச் சரிசெய்கிறார்கள்.

யாழ் வரும் இடத்தில் நான் எப்போதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன். கட்டிப்போன ஒன்றைச் சரிசெய்ய உடம்பின் சூட்டைத் தவிர வேறு கருவி இல்லை என்ற நிலை எனக்குத் தெரியும். காலையில் என் விரல்கள் மடங்குவதில்லை. காபி தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிய பிறகுதான் பேனா பிடிக்க வருகிறது. ஊசியில் நூல் கோப்பதும், மாத்திரை அட்டையைப் பிரிப்பதும் கணவர் தன் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வந்து செய்து தருகிற வேலைகள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும். தாகம் எடுக்காது, ஆனால் இரவில் எழுந்திருக்க வேண்டிய தேவை கூடும். எனவே தண்ணீர் குடித்தாயா என்று கேட்க ஓர் ஆள், இருட்டில் லைட் போட ஓர் ஆள் என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வு பெற்ற புதிதில் எங்களுக்கு இரண்டு கடிகாரங்கள் இருந்தன. நான் விடியலில் எழுந்து பழகியவள். அவர் ஷிப்ட்காரர், பாதி இரவு விழித்திருந்து பகலில் தூங்குவார். நான் கூடத்தில், அவர் உள்ளறையில். சாப்பாட்டு மேசையில் சந்தித்துக்கொள்வோம். சண்டை எதுவும் கிடையாது. வீடு பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். குளிர் வந்து வீட்டைச் சுருக்கிய பிறகுதான் ஒரு விளக்கு, ஒரு ஹீட்டர், ஒரு நேரம் என்றானது. இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி ஓடினால் இரண்டு யூனிட் என்று கணக்குச் சொல்பவரோடு இரண்டு அறைகளில் இரண்டு ஹீட்டர் போட முடியுமா? ஒரே ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவர் இரவு ஷிப்ட்டில் தனியாக என்னவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவந்தது.

கரி அடுப்பை மட்டும் அவர் உள்ளே விடுவதில்லை. மூடிய அறைக்குள் கரி எரிந்தால் வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு பிடிக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மலையூர்களில் இப்படிச் செத்தவர்கள் உண்டு. ஹீட்டர் போட்டால்கூட அவருக்கு ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். "ஏனுங்க, ஜன்னலைச் சாத்துனீங்களா?" என்று நான் கேட்டால், "விரற்கடை விட்டிருக்குதும்மா, அது போதும்" என்பார். நள்ளிரவில் எழுந்து கேஸ் குழாய், கீசர் சுவிட்ச், ஜன்னல் என்று ஒரு சுற்று வருவார். பழைய ஷிப்ட்டின் உடம்பு அது.

நெடுநல்வாடையின் கடைசிப் பகுதியில் அரசனும் நள்ளிரவில் அப்படித்தான் சுற்றி வருகிறான். வாடையில் விளக்குச் சுடர் சாய்கிறது. தோளிலிருந்து நழுவும் துகிலை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, சில வீரர்களே உடன் வர, போரில் புண்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். அங்கே அரண்மனையில் அரசி இருக்கிறாள். கதவும் சுவரும் கட்டிலும் எத்தனை உயர்ந்தவை என்று நக்கீரர் விரிவாகச் சொல்கிறார். போரில் பட்ட யானையின் தந்தத்தில் இழைத்த கட்டில். அன்னத் தூவி பரப்பிய மெத்தை. இவ்வளவையும் அடுக்கிவிட்டு, அதன்மேல் தூக்கம் வராத ஒருத்தியை உட்கார வைக்கிறார். ஊரிலேயே குளிர் அதிகம் தைத்த இடம் அந்த அறைதான். நரை விழுந்த செவிலியர் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, சின்னதும் பெரியதுமாகப் பல சொல்லித் தேற்றப் பார்க்கிறார்கள்.

எங்கள் தெருவிலும் அப்படி ஓர் அறை உண்டு. கணவரை இழந்த அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் நல்லவர்கள், வெளிநாட்டிலிருந்து எண்ணெய் ஹீட்டர், மின்போர்வை, உயர்ந்த ரகக் கம்பளிக் காலுறை எல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். தனக்கென்று அவர் அவற்றைத் தொடுவதே இல்லை. "ஒருத்திக்கு எதுக்கும்மா இத்தனை கரண்டு" என்பார். ஜன்னல் திரை விலகியிருக்கிறதா என்று காலையில் எங்கள் வராந்தாவிலிருந்து பார்ப்போம். வெயில் ஏறியதும் இரண்டு பேரும் வர்க்கி வாங்கிக்கொண்டு அங்கே போவோம். மூன்று நாற்காலி போட்டுப் பேசுவோம். பேச்சில் விசேஷம் ஒன்றும் இருக்காது: தெர்மாமீட்டரில் என்ன இருந்தது, பள்ளத்தில் யார் வீட்டுச் செடி கருகியது, முன்பெல்லாம் ஏரிக்கரையில் எப்படிப் பனி விழும். பேச்சு முடிவதற்குள் அவரே எழுந்துபோய் ஹீட்டரைப் போட்டுவிடுவார், எங்களுக்காக என்று சொல்லிக்கொண்டு.

மகன் ஒவ்வொரு வருஷமும் கோயம்புத்தூருக்கு இறங்கி வரச் சொல்கிறான். அவன் அக்கறை புரிகிறது. ஒருநாள் போக வேண்டியும் வரலாம். ஆனால் எங்கள் இருவருக்கும் இந்தச் சுருங்கிய அறை பிடித்திருக்கிறது. மூன்றாவது நாற்காலியும் காலியாகிவிடக் கூடாது.

மலையூரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் உங்களுக்கு இருந்தால், ஹீட்டர் வாங்கி அனுப்பியதோடு நிறுத்தாதீர்கள். விடிந்ததும் போன் செய்யுங்கள். இரவு எத்தனை டிகிரி இருந்தது என்று கேளுங்கள். தண்ணீர் குடித்தார்களா, ஜன்னலில் விரற்கடை விட்டார்களா என்று கேளுங்கள். மாவு பொங்கியதா என்றுகூடக் கேட்கலாம். செவிலியர் சொன்னதில் என்ன பெரிய விஷயம் இருந்திருக்கப் போகிறது? ஆனாலும் அந்த இரவில் அவர்கள் எழுந்து வந்தார்கள் என்பதைப் பாட்டில் எழுதி வைத்திருக்கிறார் நக்கீரர்.