தூர்ன்ஸ்டைனில் ஒரு பகல்

முதலில் அந்த ஆற்றின் சத்தம். ஆஸ்திரியாவில் மெல்க் ஊருக்கும் கிரெம்ஸ் ஊருக்கும் நடுவே உள்ள வாகாவ் பள்ளத்தாக்கில், சுமார் 36 கிலோமீட்டர் தூரம் டான்யூப் அணை எதிலும் தேங்காமல் ஓடுகிறது. அங்கேயும் ஓர் அணை கட்டத் திட்டமிட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று தடுத்துவிட்டார்கள். அதனால்தான் கரையோரக் கூழாங்கற்களின் மேல் தண்ணீர் உரசிப் போகும் சத்தத்தை என்னாலும் கேட்க முடிந்தது. இப்போது சென்னையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஏசியின் இரைச்சலில் படுத்திருக்கிறேன். தூக்கம் வருகிறது. அவ்வளவுதான்.

ஆற்றுக் கப்பலில் போனவர்களுக்குத் தெரியும், கரையில் இறங்கினாலும் நேரம் நம் கையில் இருக்காது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வழிகாட்டி உயர்த்திப் பிடித்த பலகைக்குப் பின்னால் ஓட வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள தூர்ன்ஸ்டைனில் நாங்கள் ஓடவில்லை. மேலே இடிந்து கிடக்கும் கோட்டைக்குக் கூட்டம் ஏறிப் போயிற்று. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-ல் பிடித்துச் சிறை வைத்த கோட்டை அது. "ராஜாவே இங்கிருந்து போகணும்னுதான் தவிச்சிருப்பார், நாம எதுக்கு ஏறணும்" என்றார் என் கணவர். முழங்கால் வலியை இப்படித்தான் சொல்வார்.

அந்த ஒரு பகல் முழுக்க எங்களுக்கு. எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் அப்படி ஒன்று, கல்யாணமாகிப் பிள்ளைகளை வளர்த்து, அவர்களும் போன பிறகு, சமைக்கவும் வேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு முழுப் பகல்...

அவர் பொதுப்பணித்துறையில் இருந்தவர். ஓய்வு பெற்றும் கண் ஓயவில்லை. திராட்சைத் தோட்டங்களைத் தாங்கி மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக ஏறும் கற்சுவர்களின் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். "இங்க பாரேன், சுண்ணாம்பே இல்ல. கல்லை கல்லே பிடிச்சிருக்கு." அந்தச் சுவர்களின் இடுக்குகளில் மரகதப் பச்சைப் பல்லிகள் வெயில் காயும். அவ்வூரின் உயர்ந்த வகை வெள்ளைத் திராட்சை மதுவுக்கு அந்தப் பல்லியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை மாதம், ஆப்ரிகாட் பறிக்கும் காலம். மாவுக்குள் முழுப் பழத்தை வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தந்தார்கள். கொழுக்கட்டையை வாயில் வைத்ததும் பூரணம் உடைவது போலப் பழம் உடைந்தது. இனிப்பைவிடப் புளிப்பு முந்தியது. இப்போது இங்கே எந்தக் கடையிலும் உலர்ந்த ஆப்ரிகாட் கிடைக்கிறது. மகன் டப்பா டப்பாவாக வாங்கித் தருகிறான். தின்கிறேன். அந்தப் புளிப்பு அதில் இல்லை.

தேவாலயத்தின் நீல வெள்ளைக் கோபுரத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொள்வார். கப்பல் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க நான்தான் பதறினேன். அவர் எழுந்திருக்கவில்லை. "இரேன், இன்னும் நேரமிருக்கு."

அந்தக் குரல்தான். கணீரென்ற குரல் இல்லை. தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, 'இங்க பாரேன்' என்பதில் கடைசி எழுத்தைச் சற்று இழுப்பார். வீட்டில் குழாய் சொட்டினாலும் அதே 'இங்க பாரேன்', டான்யூபில் சூரியன் சாய்ந்தாலும் அதே 'இங்க பாரேன்'. துணையை இழந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முகத்துக்குப் படம் இருக்கிறது. குரலை எங்கே போய்த் தேடுவது?

கைப்பேசியில் அந்தப் பகல் பத்திரமாக இருக்கிறது. ஆறு, சுவர், கோபுரம், பெஞ்சில் நான். எல்லாம் அவர் எடுத்தவை. ஓடும் படங்களும் உண்டு, ஆனால் படம் எடுக்கும்போது பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. காற்றின் சத்தம் கேட்கிறது. தண்ணீர்ச் சத்தம்கூட லேசாகக் கேட்கிறது.

டான்யூபில் போகிறவர்கள் தூர்ன்ஸ்டைனில் ஒரு பகலாவது எந்தச் சுற்றுலாவுக்கும் பெயர் கொடுக்காமல் இருங்கள். கரையில் உட்காருங்கள். கூட வந்தவரைப் படம் எடுக்கும்போது பேசச் சொல்லுங்கள். எதை வேண்டுமானாலும் பேசட்டும்.