நிற்கத் தெரிந்த வண்டி

தேனியிலிருந்து கம்பம் போகிற மெயின் ரோட்டில் உத்தமபாளையம் வரை போய், அங்கே மலையைப் பார்த்துத் திரும்பினால் கோம்பை. ஆனி, ஆடியில் போனீர்கள் என்றால் நீங்கள் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே காற்று உங்கள் சட்டைக்குள் நுழைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிக் குதித்து இறங்குகிற இடம் அது. அண்ணாந்து பார்த்தால் ராமக்கல்மெட்டு, கேரளா. அங்கே நிற்பவர் குனிந்து பார்த்தால் கோம்பை. பார்வைக்கு என்னவோ கூப்பிடு தூரம்தான். வண்டியில் போக வேண்டுமென்றால் கம்பம் போய், கம்பம் மெட்டு ஏறி, கேரளாவுக்குள் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கோம்பை என்றால் நாய்தான் ஞாபகம் வரும். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி, 'யார்றா நீ?' என்று கேட்கிற பார்வை. பக்கத்து ஊர் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர். ஆக ஒரு பக்கம் குரைப்பு, ஒரு பக்கம் இசை. நடுவில் மூன்றாவதாக ஒரு சத்தமும் உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்களின் சத்தம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பள்ளத்தாக்கில் வண்டி என்பது சும்மா மினுக்கிக்கொண்டு போகிற சமாச்சாரம் இல்லை. கீழே நெல், தென்னை, திராட்சை. மேலே ஏலக்காய், மிளகு. கீழே வீடு, மேலே வேலை என்று இருக்கிறவர்கள் ஏராளம். காலையில் ஏற வேண்டும். சாயங்காலம் இறங்க வேண்டும். சமவெளியில் வண்டி மக்கர் பண்ணினால் டீ குடித்துக்கொண்டே தள்ளலாம். மலையில் மக்கர் பண்ணினால் டீக்கடையும் இருக்காது, சமயத்தில் தள்ளுகிற ஆளும் இருக்க மாட்டார்.

என் தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. 2012-ல் அவர் 7,000 ரூபாய் கொடுத்து ஒரு எஸ்டி 250 வாங்கினார். வாங்கினார் என்பதைவிட மீட்டார் என்று சொல்லலாம். மாட்டுத் தொழுவத்தில் பதினோரு வருஷம் நின்ற வண்டி. ஓட்டியவர் காலமாகிவிட, அவர் சம்சாரம் அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடப் போன நேரத்தில் மாப்பிள்ளை குறுக்கே விழுந்துவிட்டார். சீட்டின் மேல் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. "கோழியோட சேத்து ஏழாயிரமா?" என்று தங்கச்சி கேட்டாள். "கோழிக்குத் தனி ரேட்டாம்" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சமும் சிரிக்காமல்.

இந்த எஸ்டியின் பூர்வீகம் செக்கோஸ்லோவாகியா. ஜாவா கம்பெனியின் லைசென்ஸ் வாங்கி, மைசூரில் 1961-ல் ஐடியல் ஜாவா தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. 1973-க்கு மேல் ஜாவா என்ற பெயர் போய் எஸ்டி ஆனது. ஒரே சிலிண்டர்தான், ஆனால் ரெண்டு சைலன்சர். கிக்கரும் கியரும் ஒரே லீவர். உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்து முடித்துக் கீழே இறக்கினால் கியர். இது தெரியாமல் "கிக்கரைக் காணோமே, எவனோ கழட்டிட்டான்" என்று வண்டியை ரெண்டு சுற்று சுற்றி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 1980-களின் நடுவில் நூறு சி.சி. ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்தன. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஜனங்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். பெட்ரோலைத் தாகத்தோடு குடிக்கிற எஸ்டிக்கு அந்தக் கணக்கு ஒத்து வரவில்லை. 1996-ல் மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய் வீடு இல்லாத பிள்ளை மாதிரி வண்டிகள் ஊர் ஊராகத் தொழுவங்களில் ஒதுங்கின.

மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பட்டறை கோம்பையிலேயே இருந்தது. தகரக் கொட்டகை, ஒரு வேப்ப மரம், எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் போன தரை. மெக்கானிக்குக்கு ஐம்பது வயசுக்கு மேல். கொஞ்சமாகப் பேசுவார், அதுவும் ஸ்பானர் கையில் இருந்தால்தான். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹேண்டில் பார் தொங்கியது. ஒரு பக்கம் முழுசாக மடங்கியிருந்தது.

"ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்கண்ணே!" என்று மாப்பிள்ளை பரபரத்தார். கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போனவர் மாதிரி ஒரு அவசரம்.

"பேப்பர் எங்க தம்பி?" என்றார் மெக்கானிக்.

அங்கேயே முதல் பாடம். ஆர்.சி. புக் இறந்து போனவர் பேரில் இருந்தது. அப்படிப்பட்ட வண்டியை நேராக வாங்குகிறவர் பேருக்கு மாற்ற முடியாது. முதலில் வாரிசு பேருக்குப் படிவம் 31. அப்புறம் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்குமாகப் படிவம் 29, 30. வண்டிக்குப் பதினைந்து வயசு தாண்டினால் ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டும் புக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும். மெக்கானிக் துருவைத் துடைத்து, நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பார்த்தார். ஒத்துப் போனது. "இது சரியில்லன்னா நாம ரிப்பேர் பாக்குறது வண்டிய இல்ல, கேஸை" என்றார்.

இரண்டாவது பாடத்தில் மாப்பிள்ளை கிட்டத்தட்ட அழுதேவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், இன்ஜின் பக்கமே மனுஷன் போகவில்லை. ரெண்டு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக் ட்ரம்மைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இறுகிப் போயிருந்தது. பையன் ஒருவன் ட்ரம்முக்குள் வாயை வைத்து ஊதப் போக, தலையில் ஒரு குட்டு விழுந்தது. அந்தக் காலத்துப் பிரேக் ஷூக்களில் கல்நார் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஷூ ரெண்டு ஜோடி புதுசு, கேபிள் புதுசு, ஸ்ப்ரிங் புதுசு, டயர் டியூப் புதுசு. ட்ரம் தேனியில் லேத்துக்குப் போய்க் கடைசல் பிடித்து வந்தது.

"அண்ணே, ஓடாத வண்டிக்கு எதுக்குண்ணே இம்புட்டு பிரேக்கு?"

"ஓடாத வண்டியால யாரும் சாகலை தம்பி" என்றார் மெக்கானிக். பார்வை ஒரு நொடி சுவருக்குப் போய் வந்தது. அந்த மடங்கிய ஹேண்டில் பார் அவருடைய கூடப் பிறந்த அண்ணனின் வண்டியில் இருந்தது என்று பட்டறைப் பையன்தான் பின்னால் சொன்னான். மெட்டிலிருந்து இறங்கும்போது நடந்ததாம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் அதற்கப்புறம் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாவதாகத்தான் இன்ஜின். பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அதைச் சுத்தியலால் சாத்தினால் கதை முடிந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டார். ஊறுகாய் மாதிரி நாலு நாள். ஐந்தாம் நாள் டாப் கியர் போட்டுப் பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட, 'மளுக்' என்று ஒரு சத்தம். விட்டுவிட்டது! சிலிண்டரைப் போர் அடித்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன், புது ரிங். பெட்ரோல் டேங்கில் போல்ட் நட்டும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கியதில் செங்காவி நிறத்தில் துரு கொட்டியது. சைலன்சர் ஒன்றில் கரி, இன்னொன்றில் குளவிக்கூடு. வாடகை பாக்கியோடு காலி பண்ணினார்கள்.

கிராங்க் பக்கத்து ஆயில் சீலையும் மாற்றினார். டூ ஸ்ட்ரோக் வண்டி வருஷக்கணக்கில் நின்றால் அந்த ரப்பர் விறைத்துப் போகும். அந்த வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். கியர் ஆயில் புகுந்தால் கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி வெள்ளைப் புகை. சீலின் விலை சொற்பம். அதை மாற்றாமல் விட்டால் புதுப் பிஸ்டனும் போயிற்று. கடைசியாகப் பாயிண்ட். சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய காகிதத்தைப் பாயிண்டுக்கு நடுவில் செருகி, எந்த நொடியில் காகிதம் லூஸாகிறது என்று பார்த்து டைமிங் வைத்தார். சிகரெட்டால் நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நாற்பத்து மூணாவது நாள் வண்டி பேசியது. மூணே உதை! 'டொப்... டொப்... டொப்...' என்று ரெண்டு சைலன்சரிலும் சத்தம் வந்ததும் தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. வண்டியின் விலையைப் போல மூன்று மடங்கு செலவாகியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, தங்கச்சி அன்றைக்குக் கணக்குக் கேட்கவில்லை. மறுநாள்தான் கேட்டாள்.

ஆனால் மெக்கானிக் சாவியைக் கொடுக்கவில்லை. நாலாவது பாடம் பாக்கி இருந்தது. இறங்குகிற பாடம்.

"இந்த வண்டிக்குப் பெட்ரோல்ல கலக்குற ஆயில்தான் பிஸ்டனுக்குச் சோறு. லிட்டருக்கு நாப்பது மில்லி. இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை முழுசா மூடிட்டு கியர்ல விட்டீகன்னா பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகலைன்னா ஆயிலும் போகாது. இன்ஜின் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். காஞ்சு போய் பிஸ்டன் கவ்வும். பின் சக்கரம் அப்படியே லாக்கு. அதுனால அப்பப்ப ஆக்ஸிலேட்டரை லேசா முறுக்கிக் குடுக்கணும். ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேல இருக்கட்டும்."

"நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சமாகுமேண்ணே?"

"ஆகும். பிரேக்கு சூடாகிப் பிடிக்காமப் போகும். மிச்சமான பெட்ரோலை யாரு ஊத்துறது?"

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் தனியாக அடியில் இருக்கிறது. மூடினாலும் சுற்றி வரும். இன்ஜினும் இறக்கத்தில் நன்றாக இழுத்துப் பிடிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் அந்த ரெண்டும் கிடையாது. சமவெளியில் முப்பது வருஷம் ஓட்டியவருக்கும் இது தெரியாமலே போகலாம். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. அங்கே தெரியாமல் இருக்க முடியாது. மெக்கானிக் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லி, ஏறி இறங்கி வந்த பிறகுதான் சாவி கைமாறியது.

அதற்கப்புறம் காலம் மாறிவிட்டது. 2018-ல் ஜாவாவும், 2022-ல் எஸ்டியும் கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற கம்பெனி மூலமாகப் புது அவதாரத்தில் ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்துவிட்டன. ஜூலை மாசம் இரண்டாவது ஞாயிறன்று ஜாவா தினம் என்று பழைய வண்டிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடுகிறார்கள். 7,000 ரூபாய்க்கு எஸ்டி வேண்டும் என்று இன்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சிரிப்பார்கள். புதுத் தலைவலியும் ஒன்று உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் கெடுக்கும். மாசக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கையும் கார்பரேட்டரையும் காலி பண்ணிவிட்டு நிறுத்துவது நல்லது.

பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கிற ஆசை உங்களுக்கும் இருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். பெயின்ட் அடித்து நிக்கல் பூசி ஃபோட்டோ எடுப்பதெல்லாம் கடைசியில். முதலில் பேப்பர், அடுத்து பிரேக், அப்புறம் இன்ஜின். கோம்பைப் பட்டறையின் இந்த வரிசை மலை இல்லாத ஊருக்கும் பொருந்தும்.

மாப்பிள்ளை இன்னும் அதே எஸ்டியில்தான் போய் வருகிறார். "பயமா இல்லையாம்மா?" என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"மொதல்ல இருந்துச்சுண்ணே. இப்ப அவுக வர்ற சத்தம் பண்ணைப்புரத்துலயே கேட்டுரும். கேட்டதும் தோசைக்கல்லை அடுப்புல வச்சிருவேன். வாசல்ல வந்து நிக்கவும் மொத தோசை வேகவும் சரியா இருக்கும்."

வண்டி கரெக்டாக வாசலில் நிற்கிறதாம். அதுதானே வேண்டும்!