தலை பட்ட இடம்

பழைய மரச்சாமானுக்கு வார்னிஷ் அடிக்க முதல், அதுக்குள்ள ஊறிக் கிடக்கிற எண்ணெயை எடுக்க வேணும். கேட்க லேசான வேலைதான். கொடிகாமத்தில் எங்கட வீட்டுச் சாய்மனைக் கதிரையோட நாங்கள் ஒரு கிழமை மல்லுக்கட்டினோம்.

முதிரை மரக் கதிரை. கை வைக்கிற சட்டமும் தலை சாய்க்கிற சட்டமும் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தன. எல்லாம் தேங்காயெண்ணெய். அப்பப்பாவின்ர தலை மட்டும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது எங்கட வீட்டிலும் நாலு குடும்பம் இருந்ததாம். கதிரையை வயதுபோன ஆக்களுக்கு விட்டிட்டு அப்பப்பா நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவராம். 2000இல் எங்கட ஆக்களே ஓட வேண்டி வந்தது. திரும்பி வர, கதிரை மட்டும் கோடிக்குள் கிடந்ததாம்.

அதனால்தான் அப்பம்மா, "அந்தக் கறுப்பை என்னத்துக்குச் சுரண்டுறியள்?" எண்டு கேட்டா. எங்களுக்குள்ளயும் இரண்டு கட்சி. ஆனால் விட்டால் கதிரை உதவாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகி மரத்தோட சேர்ந்துவிடும். தேங்காயெண்ணெய் எத்தனை வருசம் போனாலும் அப்பிடி இறுகாது. மேலே வார்னிஷ் அடித்தால் அது சரியாகக் காயாது, பிறகு உரியும்.

வழி தேடினபோது கிடைத்ததெல்லாம் துவக்குப் பிடி திருத்துகிற ஆக்களின்ர முறை. இரும்புக்குப் போடுற எண்ணெய் வடிந்து மரப்பிடியில் ஊறி, மரத்தைக் கறுப்பாக்கி மெதுமையாக்கிவிடுமாம். அவைக்கும் எங்களுக்கும் ஒரே பிரச்சினை. இதை எங்கே படிச்சம் எண்டு அப்பம்மாவுக்குச் சொல்லேல்லை. துவக்கு எண்ட சொல்லை அந்த வீட்டில் ஆரும் சும்மா சொல்லுறதில்லை.

முறை இதுதான். முதலில் சாண்ட் பேப்பர் போடக்கூடாது. எண்ணெய்ப் பிசின் தாளை அடைத்துவிடும். வெண்கட்டித் தூளைத் தின்னரில் பசைமாதிரிக் குழைத்துத் தடிப்பாகப் பூசி வெயிலில் வைக்க வேணும். தின்னர் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும். அது ஆவியாக மேலே வரும்போது எண்ணெயும் கூட வரும், தூள் அதை உறிஞ்சும். வெள்ளைத் தூள் மஞ்சளாகும். தட்டிவிட்டுத் திரும்பப் பூச வேணும். முற்றத்திலதான் செய்யலாம், அடுப்புக்குக் கிட்டவும் போகக்கூடாது. கோஸ்டிக் சோடா போடச் சொன்ன ஆக்களும் உண்டு. அது எண்ணெயைச் சவர்க்காரமாக்கிக் கழுவும், ஆனால் மரத்தின்ர நிறத்தையும் கெடுக்கும். நாங்கள் தொடேல்லை.

கைச்சட்டம் மூன்று தரத்தில் தெளிந்தது. முதிரையின்ர பொன்மஞ்சளை நாங்கள் முதன்முதலாகக் கண்டது அப்பதான். தலைச்சட்டம் ஆறு தரம் பூசியும் நடுவில் கொஞ்சம் கறுப்பாகவே நிண்டது. ஆனால் தூள் மஞ்சளாகிறது நிண்டுவிட்டது. எண்ணெய் போட்டுது, நிறம்தான் மிச்சம். இன்னும் தேய்க்கலாம், மரம் தேயும்.

அதோட நிறுத்தினோம். முதலில் அரக்குப் பொலிஷ், அது காய்ந்த பிறகு வார்னிஷ். எங்கட இரண்டு கட்சிக்கும் விடை அந்தச் சட்டத்திலேயே இருந்தது: மரத்தைக் கெடுக்கிறதை எடுக்க வேணும், மரமாகவே மாறிப்போனதை விட வேணும். இப்ப அப்பம்மா பின்னேரத்தில் அதில்தான் சாய்ந்திருக்கிறா. தலைக்கு ஒரு துவாய் போடச் சொன்னால் கேக்கிறா இல்லை.