கல்லுக்கு அடியில் குடியிருந்தவை

கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலம். தை பிறந்தால் இருமத்தூர்ப் பக்கம் தென்பெண்ணை முழங்காலளவுக்கு இறங்கிவிடும். மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டுதான் போவோம். பாதி நேரம் கல்லைப் புரட்டுவதிலேயே கழியும்.

ஓட்டத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கினால் அதன் வயிற்றில் தட்டையாக ஒரு பூச்சி ஒட்டியிருக்கும், மூன்று வாலோடு. விரலை வைத்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். பொடிமணலை ஒட்டிக் குழாய் கட்டி அதற்குள் குடியிருக்கும் புழு ஒன்று. எங்களுக்கு அது ‘கொத்தனார்’. தட்டானின் குஞ்சு தண்ணீரில்தான் வளர்கிறது என்பதை, கோரைத் தண்டில் அது உரித்துப்போட்ட சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். மணலைக் காலால் துழாவினால் மட்டி தட்டுப்படும். “பொரட்டுன கல்ல இருந்தாப்புலயே வச்சுட்டு வாடா, அதுங்களுக்கு அதான் வூடு” என்பார் ஆயா, துணிக்குச் சவுக்காரம் போட்டபடியே. அந்தச் சவுக்காரமும் ஆற்றில்தான் கலந்தது. அன்றைய ஆறு அதைச் செரித்துக்கொண்டது.

மூன்று வால்காரனுக்கு மே ஈ என்று பெயர் இருப்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மதுரையில் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் போன்றவர்கள் தென்னிந்திய ஓடைகளில் தேடித் தேடி வகைப்படுத்திய பூச்சி. புழுவாக மாதக்கணக்கில் நீருக்கடியில் வாழும். சிறகு முளைத்தபின் அநேகமாக ஓரிரு நாள்தான், சாப்பிட வாய்கூட இருக்காது. வயிற்றின் இருபுறமும் செவுள். நீரில் பிராணவாயு குறைந்தால் முதலில் காணாமல் போகிறவர்களில் இவரும் ஒருவர். பிரிட்டனில் இத்தகைய உயிர்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஆற்றை எடைபோட்டார்கள். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைத் தழுவி ஒரு முறை வகுத்தது. தட்டை மே ஈக்கு 10. கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்புப் புழுவுக்கு 2. அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் சாக்கடைச் சேற்றிலும் மூச்சுவிடும். புட்டியில் பிடித்த தண்ணீர் அன்றைய சேதியைத்தான் சொல்லும்; பூச்சி கடந்த பல மாதங்களுக்குச் சாட்சி.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை இன்று பெங்களூரின் கழிவை வாங்கிக்கொண்டு ஓசூருக்கு வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைத் தொலைக்காட்சிக்காரர்கள் படம்பிடிக்கிறார்கள். மணல் போனதற்குப் படம் இல்லை. எனக்கு அதுதான் பெரிய இழவு. மணலும் கூழாங்கல்லும் அடுக்கியிருந்த இடுக்குகள்தாம் இந்தப் பூச்சிகளின் வீடு. லாரிகள் அள்ளியபின் மிஞ்சிய பள்ளத்தில் வண்டல் படிந்து இடுக்கை அடைத்தது. மட்டியின் பாடு இன்னும் மோசம். அதன் குஞ்சுகள் மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு சில காலம் வாழ்ந்தாக வேண்டும்; மீன் வராத மடுவில் மட்டிக்குச் சந்ததி இல்லை. கழிவை நாளைக்கே நிறுத்தினாலும் மணல் எங்கிருந்து வரும்? மேலே கெலவரப்பள்ளியும் கிருஷ்ணகிரி அணையும் அதை மறித்து வைத்திருக்கின்றன.

ஆடிப் பதினெட்டுக்கு இருமத்தூருக்கோ அனுமன்தீர்த்தத்துக்கோ போகிறவர்கள் ஒரு வெள்ளைத் தட்டு கொண்டுபோங்கள். கரையோரக் கல் ஒன்றை அதில் வைத்துக் கழுவிப் பாருங்கள். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால், அந்தத் தண்ணீரில் பிள்ளைகளைத் தலை முழுக விடாதீர்கள்.