ஒத்தைப்படை எனக்கு!

பாகப்பிரிவினை என்றால் வீட்டைப் பிரிப்பார்கள், நகையைப் பிரிப்பார்கள், மிஞ்சிப் போனால் வெண்கலப் பானையைப் பிரிப்பார்கள். நானும் என் அண்ணாவும் காமிக்ஸையும் பிரித்தோம் ஸார். சத்தியமாக!

எல்லாம் எக்ஸ்-மென். பள்ளிக்கூட நாட்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் மண்டி போட்டுப் பொறுக்கியவை. பாதிக்கு அட்டை இருக்காது. மீதிக்கு, ஹீரோயினுக்கு எவனோ மீசை வரைந்திருப்பான். வரிசையாகக் கிடைக்கவும் கிடைக்காது. எனவே முதலில் செத்துப் போவார்கள், அடுத்த மாசம் காதலிப்பார்கள், ஆறு மாசம் கழித்து அறிமுகமாவார்கள்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1963-ல் அமெரிக்காவின் மார்வல் கம்பெனிக்காக ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஆரம்பித்த கதை. பிறவியிலேயே விசித்திர சக்தி உள்ள ஐந்து இளசுகள். சக்கர நாற்காலியில் ஒரு புரொஃபசர். ஊர் இவர்களைக் கண்டு பயந்து வெறுக்கும். இவர்கள் அந்த ஊரையே காப்பாற்றுவார்கள். நடுவில் வியாபாரம் படுத்து, 1970-லிருந்து ஐந்து வருஷம் பழைய கதைகளையே திருப்பித் திருப்பி அச்சடித்தார்கள். 1975-ல் கனடா, கென்யா, ரஷ்யா, ஜெர்மனி என்று பல ஊர் ஆட்களைச் சேர்த்துப் புது டீம் போட்டார்கள். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத உட்கார்ந்தார். 1991 வரை எழுந்திருக்கவில்லை. பதினாறு வருஷம் ஒரே ஸீட்! எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க்குக்குக் கூட அந்த பாக்கியம் வாய்க்கவில்லை.

நான் பி.காம். எதைப் படித்தாலும் எனக்குப் பேரேடுதான் ஞாபகம் வரும். 1980-ல், 137-ம் இதழில் ஜீன் கிரே செத்துப் போனாள். ஒரு கிரகத்தையே கோடிக்கணக்கான உயிர்களோடு அழித்தவள் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்று எடிட்டர் ஜிம் ஷூட்டர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். வாசகர்கள் அழுதார்கள். வாராக்கடன் என்று எழுதித் தள்ளியாச்சு. பார்த்தால், 1986-ல் திரும்பி வந்துவிட்டாள்! செத்தது அவள் இல்லையாம், அவள் உருவத்தில் இருந்த வேறொரு சக்தியாம். நிஜ ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு தீவில் குடியேறிச் சாவையே ரத்து செய்தார்கள். 2024-ல் அந்தத் தீவுக் கதையும் முடிந்தது. ஆக, எக்ஸ்-மென் கணக்கில் க்ளோஸிங் பேலன்ஸே கிடையாது. எல்லாம் கேரி ஃபார்வர்ட்தான்.

எங்கள் வீட்டுக் கணக்கு அப்படி இல்லை. 2012-ல் அப்பா போனார், திரும்பி வரவில்லை.

2013-ல் சித்தப்பா முன்னிலையில் பங்கு பிரிக்க உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அண்ணா செய்திருந்தார். அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா சொன்னார். நான், கணக்குப் படித்த மேதை, வாயைத் திறந்தேன்.

"பில்லெல்லாம் இருக்கா?"

அண்ணா என்னையே பார்த்தார். ராத்திரி ராத்திரியாக அப்பா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். எழுந்து பரண் மேலிருந்த காமிக்ஸ் பெட்டியை இறக்கிக் கூடத்து நடுவில் கவிழ்த்தார். "இதையும் கணக்கா பிரிச்சிடலாம். ஒத்தைப்படை நம்பர் உனக்கு, ரெட்டைப்படை எனக்கு." நானும் வீம்புக்குச் சரி என்றேன். அவர் தாம்பரம் போனார். நான் பெரம்பூர் வந்தேன். அவ்வளவுதான் பேச்சு.

பெரம்பூரில் பிரித்துப் பார்த்தபோதுதான் விபரீதம் உறைத்தது. மேக்னீட்டோ என்று ஒரு வில்லன். என் பங்கில் வந்த 113-ல் அவன் பக்கா அயோக்கியன், எரிமலைக் கோட்டையில் அடிதடி. அவன் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவன் என்று தெரிவது 150-ல். அவனை நம்பி புரொஃபசர் பள்ளிக்கூடத்தையே ஒப்படைப்பது 200-ல். இரண்டும் ரெட்டைப்படை. அண்ணா பங்கு. ஒத்தைப்படையை மட்டும் படிக்கிறவனுக்கு எதிராளி எப்போதும் வில்லனாகத்தான் தெரிவான்.

போன மாசம் என் பையன், நாலாங்கிளாஸ், பெட்டியைக் குடைந்து 141-ஐ எடுத்துவிட்டான். 1981-ல் வந்தது. கதை நடக்கிற எதிர்காலம் எந்த வருஷம் தெரியுமோ? 2013! ராட்சத ரோபோக்கள் ஆள்கிற நாசமாய்ப் போன உலகம். அதைத் தடுக்க கிட்டி என்ற பெண்ணின் மனசை 1980-க்கே திருப்பி அனுப்புகிறார்கள். "தொடரும்" போட்டுவிட்டார்கள்.

"அப்புறம் என்னப்பா ஆச்சு?"

மாசச் சந்தா கட்டினால் செல்ஃபோனிலேயே படித்துவிடலாம். பணமும் இருந்தது. ஆனாலும் நான் டயல் செய்தது தாம்பரம் நம்பரை. நாலு ரிங்.

"அண்ணா... 142 உங்ககிட்ட இருக்கா?"

மௌனம். அப்புறம், "எது, எல்லாரும் சாவாங்கன்னு அட்டையிலயே போட்டிருப்பானே, அதுவா?"

"அதேதான்."

"இருக்கு. ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டு வா. 141-ஐ மறக்காம எடுத்துட்டு வா, நான் படிச்சுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஆஸ்பத்திரி பில்லையும் பத்திரமா வெச்சிருக்கேன்டா. பாக்கறியா?"

"வேணாம்ணா" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் 141-ஐ மட்டும் எடுத்துப் போகவில்லை, ஆட்டோவில் பெட்டியையே ஏற்றிவிட்டேன். பெரியப்பாவும் பையனும் தரையில் சம்மணம் போட்டு நம்பர்வாரியாக அடுக்க ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் வேலை கொடுக்கவில்லை. கணக்குப் பார்க்கிறவனைக் கிட்ட விடக் கூடாதாம்!